மலை எரிந்த சந்தை நாள்

“சட்டை போடாத மனுஷனுக்கு ஒளிச்சு வைக்க இடம் கம்மி. நல்லாப் பாருடா சின்னு” என்று அருணகிரி காதோடு சொன்னார்.

சின்னுசாமி பார்த்தான். சேலம் சப் ஜெயிலின் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் இடுப்பில் ஒற்றைத் துண்டோடு ஆண்டி நின்றிருந்தான். முப்பது வயதிருக்கும். வாழப்பாடிக்கு வடக்கே நெல்லிமலையில் மேல்சுனை என்று ஓர் ஊர். அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் மலையாளிச் சனங்களில் ஒருவன். மலையை ஆண்டதால் மலையாளி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ஆண்டதெல்லாம் அந்தக் காலம். மலையைச் சுற்றி வெள்ளையடித்த கற்களை நட்டு, கல்லுக்கு உள்ளே இருப்பதெல்லாம் சர்க்கார் ரிசர்வ் காடு என்று சட்டம் வந்து ஐம்பது வருஷம் ஆகியிருந்தது.

மாசி மாதத்தில் அந்த ரிசர்வ் காட்டின் கிழக்குச் சரிவு முழுக்க எரிந்து கரியானது. தீ வைத்தவன் நான்தான் என்று ஆண்டி தானே மலையிறங்கி வந்து காட்டிலாகா ரேஞ்சரிடம் கையை நீட்டிவிட்டான்.

“எதுல பத்த வெச்சே?” என்று கேட்டார் அருணகிரி.

“தீப்பெட்டியில சாமி.”

“எதுக்கு?”

“காட்டை எரிச்சுப் புனக்காடு போட. சாமை வெதைக்க.”

“கூட யாரு இருந்தா?”

“யாரும் இல்லை சாமி. நான் ஒருத்தன்தான்.”

“அன்னிக்குப் பூரா மலை மேலதான் இருந்தியா?”

“அந்த மாசமே மலையை விட்டு எறங்கல சாமி.”

சின்னுசாமிக்கு வாய் சும்மா இருக்காது. நாடகக் கம்பெனியில் பபூன் வேஷம் கட்டிக் கட்டித் தழும்பிய வாய். “ஏனுங்ண்ணா, இவ்வளவு சுத்தமாப் பாடம் ஒப்பிக்கிறவனை எங்க கம்பெனியிலேயே நான் பார்த்ததில்லீங்க. ராஜபார்ட்டுகூட நடுவுல ரெண்டு வரி முழுங்குவான்.”

அருணகிரி சிரிக்கவில்லை. அவர் போலீஸில் சப் இன்ஸ்பெக்டராக இருந்தவர். பொய்க் கேஸ் ஒன்றை எழுத மாட்டேன் என்று உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து துப்பறிகிறவர். அவர் கண் ஆண்டியின் இடது புஜத்தில் நின்றிருந்தது. அங்கே இரண்டு வட்டப் பொருக்குகள். காய்ந்து, ஓரம் எழும்பி, உதிரக் காத்திருந்தன. ஆண்டி தன்னை அறியாமல் அதைச் சொறிந்தான்.

“அரிக்குதா?”

ஆண்டி சட்டென்று வலது கையால் அந்த இடத்தை மூடிக்கொண்டான். “முள்ளு கீறிருச்சு சாமி.”

“ரெண்டு முள்ளும் வட்டமாக் கீறிச்சா?”

ஆண்டி தலையைக் குனிந்துகொண்டான். அந்த முகத்தில் பயத்தைத் தவிர வேறு என்னவோ இருந்தது. பிடிபட்ட கள்ளனின் முகமாகத் தெரியவில்லை. பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வந்த ஒன்றை யாரோ தட்டிப் பறிக்க வருகிறார்கள் என்று நினைக்கிறவனின் முகமாக இருந்தது.

வெளியே வந்ததும் அருணகிரி நேராக ஆத்தூர் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்.

“சொல்லு சின்னு. அது என்ன காயம்?”

“அம்மை குத்தின தழும்புங்க. எனக்குக் குத்துனப்ப எங்காத்தா கட்டிலோட சேர்த்துக் கட்டி வெச்சு...”

“பொருக்கு உதிர்ற பதத்துல இருக்கு. குத்தி மூணு வாரம் இருக்கும். தீ எரிஞ்சு எத்தனை நாளாச்சு?”

“அதுவும் மூணு வாரந்தானுங்க.” சின்னுசாமி நின்றுவிட்டான். “மலையேறிப் போயி அம்மை குத்துற உத்தியோகஸ்தன் இன்னும் பொறக்கலீங்ண்ணா. அப்போ இவன்...”

“இவன்தான் கீழே வந்திருக்கணும். மலையை விட்டு எறங்கவே இல்லைன்னு சத்தியம் பண்றவன் எறங்கியிருக்கான். மலைச்சனம் கீழே வர்றது ஒரே ஒரு இடத்துக்கு.”

“வாழப்பாடிச் சந்தை!”

பஸ்ஸில் போகும்போது சின்னுசாமி மனதில் கிடந்த இன்னொன்றையும் அவிழ்த்தான். இந்தக் கேஸை அவர்களிடம் கொண்டுவந்தவன் கந்தன் என்ற ஒருவன். ஆண்டிக்கு உறவு என்றான். கண்ணில் நீர் முட்ட, அவன் ஒரு தப்பும் செய்யாதவன், எப்படியாவது வெளியே கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

“அந்தக் கந்தன் ‘போயிட்டு வாரேனுங்க’ன்னான். ‘ஊட்டுல சொல்லலீங்க’ன்னான். அது எங்க திருச்செங்கோடு, நாமக்கல் பக்கத்துப் பேச்சுங்ண்ணா. மலையாளி நாக்குல அது வராது. அவன் இவனுக்கு உறவுன்னா நான் லண்டன் ராஜாவுக்கு மச்சான்.”

“நீ பேச்சைப் பார்த்தே. நான் காலைப் பார்த்தேன்” என்றார் அருணகிரி. “முழங்காலுக்குக் கீழே வெயிலே படாத வெளுப்பு. சுத்திச் சுத்தி வரிவரியாத் தடம். காலைச் சுத்தித் துணிப் பட்டை, அதான் பட்டீஸ், கட்டுறவன்.”

“போலீஸ்காரனுங்களா?”

“போலீஸும் கட்டுவான். வேற ஆளும் கட்டுவான்.”

வாழப்பாடியில் அன்று சந்தை நாள். மாடு கத்துகிற சத்தம், மிளகாய் நெடி, பானைக் கடைக்காரியின் சண்டை. புளியமரத்தடியில் மட்டும் ஆள் அரவம் இல்லை. அங்கே ஒரு தகரப் பெட்டியை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார் அம்மை குத்துகிற பாலசுந்தரம். அவரைக் கண்டாலே கூட்டம் வளைந்து போனது.

சின்னுசாமி போய் எதிரே உட்கார்ந்தான். “ஏனுங்க, இந்தச் சந்தையிலேயே உங்க கடைக்குத்தானுங்க போட்டி இல்லை. ஓசியாக் குடுத்தும் வாங்க ஆளக் காணோம்.”

பாலசுந்தரம் அலுத்துக்கொண்டார். “என் முகத்தைப் பார்த்தா மாரியாத்தாளைப் பார்த்த மாதிரி ஓடுறாங்க. துரத்திப் பிடிச்சுத்தான் குத்த வேண்டியிருக்கு.”

“தானா வந்து கையை நீட்டுனவன் யாராவது உண்டா?” என்று அருணகிரி கேட்டார்.

“ஒருத்தன் வந்தான்.” பாலசுந்தரத்தின் குரல் மாறியது. “என் சர்வீஸிலேயே ஒருத்தன்தான். மலையாளி. ரொம்ப நேரம் எட்ட நின்னு பார்த்துட்டு வந்து, ‘இதைப் போட்டா அம்மை வராதா சாமி’ன்னு கேட்டான். பெரிய பொண்ணு அத்தாயின்னு இருந்துச்சாம். போன வருஷம் அம்மையிலே போயிருச்சாம். கைப்பிள்ளை ஒண்ணு இருக்கு, அதுக்குப் போடணும்னான். தூக்கிட்டு வாடான்னேன். ‘முதல்ல எனக்குப் போடுங்க, நான் சாகாம இருந்தா அடுத்த சந்தைக்குப் பையனைத் தூக்கிட்டு வர்றேன்’னான்.”

“பேர் ஏதாவது சொன்னானா?”

“ஆண்டி. வலது பக்கம் நெத்தியிலே ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும்.”

சின்னுசாமி அருணகிரியைப் பார்த்தான். ஜெயிலில் பார்த்த நெற்றியிலும் அந்தத் தழும்பு இருந்தது.

“அது எந்தச் சந்தை நாள்னு ஞாபகம் இருக்கா?”

“ஞாபகமா? மறந்தால்ல ஞாபகம் வர!” பாலசுந்தரம் வடக்கே கை காட்டினார். சந்தைக் கூரைகளுக்கு மேலே நெல்லிமலை நின்றது. அதன் கிழக்குப் பக்கம் மட்டும் அடுப்பில் வைத்த சட்டி மாதிரி கறுத்துக் கிடந்தது. “அன்னிக்குத்தான் அது எரிஞ்சுது. இவனுக்கு ரெண்டாவது குத்துப் போட்டுட்டு இருக்கேன், சந்தையே கப்புன்னு அடங்கிப் போச்சு. எல்லாரும் மலையைப் பார்க்கிறாங்க. புகை அப்பத்தான் ஒரு நூல் மாதிரி கிளம்புது. இவனும் பார்த்தான். ‘சாமி, என் புள்ளை அங்க இருக்கு’ன்னு ஒரு வார்த்தை. விற்கக் கொண்டுவந்த சாமை மூட்டையை இந்த மரத்தடியிலேயே போட்டுட்டு ஓடினான். திரும்பி வந்து எடுத்துக்கவே இல்லை.”

மலையில் புகை கிளம்பும்போது ஆண்டி இங்கே கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். சந்தை முழுவதும் சாட்சி. கோர்ட்டில் இதைச் சொன்னால் கேஸ் அரை நாழிகை நிற்காது.

“அடிச்சுட்டமுங்ண்ணா!” சின்னுசாமி துள்ளி எழுந்தான். “ஊசி போட்டவர் சொல்லு ஊசியாட்டம் ஏறுமுங்க. வாங்க, முதல்ல அவன் சம்சாரத்துக்குச் சொல்லிப்போடலாம்.”

மலையடிவாரத்துக்கு அவர்கள் மாட்டு வண்டியில் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஓர் ஆள் நுழையும் சந்து மட்டும் விட்டு முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். அதற்கு வெளியே ஒரு வயல் கிணற்றைச் சுற்றி, மண்குடங்களோடு மலைப்பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தோட்டக்காரன் மாடு கட்டி இறைத்துத் தன் பயிருக்குப் பாய்ச்சி முடித்த பிறகுதான் அவர்களுக்குத் தண்ணீர். மலைமேல் சுனை இருக்க, குடிநீருக்கு மலையிறங்கி வந்திருந்தார்கள்.

ஆண்டியின் பெண்டாட்டி பொன்னாயி யார் என்று கேட்டதும், இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி எழுந்து வந்தாள். குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் அவள் தோளில் வாயை வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

“தாயி, கவலையை விடு” என்று சின்னுசாமி ஆரம்பித்தான். “உன் ஊட்டுக்காரர் வெளிய வந்த மாதிரிதான். தீ எரிஞ்சப்ப அவர் வாழப்பாடிச் சந்தையில இருந்தாருன்னு சாட்சியே கெடைச்சாச்சு!”

அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தான். அவள் குழந்தையோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

“வேணாஞ் சாமி. அதைச் சொல்லிராதீங்க.”

“என்ன தாயி சொல்றே?”

“உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன். அவரு அங்கேயே இருக்கட்டும்.”

அருணகிரி அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். “நீ சொல்லும்மா. நான் கேட்கிறேன்.”

பொன்னாயி சொன்னாள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கல்லிலிருந்து தொடங்கினாள்.

“எங்க மாமனாரு சின்னப் பையனா இருக்கச் சொல்லோ கல்லு நட்டாங்களாம். கல்லுக்கு அந்தாண்ட சர்க்காரு, இந்தாண்ட நாங்க. சுனை அந்தாண்ட போயிருச்சு. கெழங்கு தோண்டுன காடு அந்தாண்ட. தேனடை அந்தாண்ட. புனக்காடு போடக் கூடாதுன்னாங்க. கெழங்கு தோண்டினா கேசு. ஆடு ஒரு அடி தாண்டினாக் கீழ கொண்டாந்து பவுண்டுப் பட்டியில அடைச்சாங்க. பர்மிட்டுன்னு ஒண்ணு குடுத்து, அவங்க சொன்ன எடத்துல மேய்ச்சுக்க, சுனையில மொண்டுக்கன்னாங்க. அதுலதான் உசிரு ஓடுச்சு.”

“தீ எரிஞ்ச பிறகு?”

“ரேஞ்சரு வந்தாரு. வெச்சவனைக் காட்டுங்க, காட்டுற வரைக்கும் பர்மிட்டு கெடையாது, சுனைக்கும் போகக் கூடாதுன்னு வழியை அடைச்சுட்டாரு. நாங்க கீழ எறங்கி வந்து தண்ணி தூக்கறதுக்குள்ள பாதி சிந்திப் போகுது. ராமாயிக்குப் புள்ளை பொறந்து மாசம் ஆவல. மாரு வத்திப் போச்சு. புள்ளை போயிருச்சு.” அவள் தன் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். “அதைப் பொதைச்சுட்டு வந்துதான் ஊர்க்கூட்டம் போட்டாங்க. யாராவது ஒருத்தர் போயி ஒத்துக்கிட்டாத்தான் வழி தொறக்கும்னு ஆயிருச்சு.”

“ஆனா அவன்தான் மலையிலேயே இல்லையே. இருந்த ஆம்பளைங்க எத்தனை பேர் இருக்காங்க! அவனை ஏம்மா அனுப்பினீங்க?” என்றார் அருணகிரி.

“அதனாலதான் சாமி அவரு போனாரு.”

சின்னுசாமிக்குப் புரியவில்லை. அருணகிரி மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

“மலையில இருந்தவங்க எல்லாரும் தீ எப்படிப் புடிச்சுதுன்னு கண்ணால பார்த்தவங்க. ஃபாரஸ்ட் கார்டுதான் தீக்கோடு எரிச்சாரு, தீ பரவாம இருக்க ஓரத்துப் புல்லை முன்னாடியே எரிச்சு விடறது. காத்து மாறி அடிச்சுக் காட்டுல ஏறிருச்சு. யாரு போனாலும் அடிப்பாங்க. அடி தாங்காம உண்மையைச் சொல்லிட்டா, ரேஞ்சரு தன் ஆளு பேரை எழுதுவாரா? பழியைத் திருப்புறீங்களான்னு ஊரையே உள்ள தள்ளுவாரு. இவரு எந்திரிச்சுச் சொன்னாரு, ‘நான் ஒண்ணையும் பார்க்கல. என்னை எவ்வளவு அடிச்சாலும் என் வாயில இருந்து யாரு பேரும் வராது. நான் போறேன்’னு.”

சின்னுசாமி தன் கையைப் பார்த்துக்கொண்டான். இத்தனை நேரம் ஆண்டியைக் காப்பாற்றும் சாட்சி என்று அவர்கள் கொண்டாடிய அந்தச் சந்தைதான் அவனை ஜெயிலுக்கு அனுப்பியிருந்தது.

“வழியைத் தொறந்தாங்களா?” என்று அருணகிரி கேட்டார்.

“கோர்ட்டுல தண்டனை ஆனதும் தொறக்கறேன்னு ரேஞ்சரு சொல்லியிருக்காரு. நீங்க அவரை வெளிய கொண்டாந்தா ஆளைக் காட்டலேன்னு ஆயிரும் சாமி.”

அருணகிரி எழுந்தார். “அந்தக் கார்டு பேர் என்னம்மா? எந்த ஊர்?”

“செல்லமுத்துங்க. நாமக்கல்லுப் பக்கம்னு சொல்லுவாரு. கெட்டவரு இல்லை சாமி. நாங்க கெழங்கு தோண்டறதைப் பார்த்தா வேற பக்கம் திரும்பிக்குவாரு.”

செல்லமுத்துவின் குடிசை அடிவாரத்திலேயே இருந்தது. வாசலில் ஒருவன் உட்கார்ந்து காலில் சுற்றிய காக்கிப் பட்டீஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். கையிலிருந்த துணி நழுவியது.

“கும்பிடறனுங்க கந்தன்” என்றான் சின்னுசாமி.

அவன் மறுக்கவில்லை. வெகு நாளாக இந்த ஒரு நிமிஷத்துக்காகக் காத்திருந்தவனைப் போல மூச்சை விட்டான். “அன்னிக்குக் காத்து சரியில்லீங்க. இன்னிக்கு வேண்டாமுங்கன்னு சொன்னனுங்க. மேலதிகாரி பார்வைக்கு வாராரு, கோடு எரிச்சு முடிஞ்சிருக்கோணும்னு ரேஞ்சர் உத்தரவு போட்டுட்டாருங்க. எரியறதைப் பார்த்துட்டு ஓடி வந்து சொன்னன். வாயைத் தொறந்தா உத்தியோகம் போயிரும்னாருங்க. எனக்கு மூணும் பொட்டப் புள்ளைங்க.”

“அதுக்காக எங்களைத் தேடி வந்தியா?”

“நீங்களா எதையாவது கண்டுபுடிச்சு அவனைக் கொண்டாந்துருவீங்கன்னு நெனச்சனுங்க. என் பேர் வராம.”

“கண்டுபிடிச்சாச்சு” என்றார் அருணகிரி. “அவன் குற்றவாளி இல்லைன்னு நான் நிரூபிக்கலாம். நிரூபிச்சா மலை சாகும். மலையும் சாகாம அவனும் வெளியே வரணும்னா யார் வச்ச தீன்னு சொல்லணும். அதை நான் சொன்னா எடுபடாது செல்லமுத்து. நீ சொல்லணும்.”

செல்லமுத்து குனிந்து பட்டீஸை எடுத்துச் சுருட்டத் தொடங்கினான். சுருட்டியதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குடிசைக்குள் போய்விட்டான்.

கோர்ட் நாளன்று பாலசுந்தரம் வெளியே வேப்பமரத்தடியில் சாட்சி சொல்லக் காத்திருந்தார். அருணகிரி உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூலையில் பொன்னாயி. மாஜிஸ்ட்ரேட் கேட்டார். ஆண்டி ஒப்பித்தான். தீப்பெட்டி. புனக்காடு. நான் ஒருத்தன்தான்.

சின்னுசாமி அருணகிரியின் கையைச் சுரண்டினான். “ஏனுங்ண்ணா... அம்மை குத்துறவரைக் கூப்பிட்டுட்டு வரட்டுங்களா?”

அருணகிரி பொன்னாயியைப் பார்த்தார். அவள் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். இரண்டு வருஷம் கடுங்காவல் என்று தீர்ப்பானது. ஆண்டி பொன்னாயியின் பக்கம் திரும்பி, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்பதுபோல் லேசாகச் சிரித்துவிட்டுப் போனான். போலீஸ்காரர் அவன் தோளைத் தொட வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை.

அடுத்த சந்தையில் தமுக்கு அடித்தார்கள். மேல்சுனை ஊரார் ரிசர்வ் காட்டுக்குத் தீ வைக்கிறவர்கள் என்று கோர்ட்டிலேயே ருசுவாகிவிட்டது. ஆகவே அவர்களுடைய பர்மிட்டுகள் அடியோடு ரத்து. காட்டின் பாதுகாப்பை உத்தேசித்து, சித்திரை முடிவதற்குள் அவர்கள் மலையைக் காலி செய்து இறங்க வேண்டும்.

அருணகிரி அந்தச் சேதியை மாடியறையில் கேட்டார். “நான் பேசியிருக்கணும்டா சின்னு” என்றார்.

“பொன்னாயி கும்பிட்டுட்டு நின்னுதுங்களே. யாருக்குங்க வாய் வரும்?”

மறுநாள் காலையில் செல்லமுத்து படியேறி வந்தான். காக்கி உடுப்பு இல்லை. வேட்டி கட்டியிருந்தான். “எந்தக் கோர்ட்டுன்னாலும் வாரேனுங்க” என்றான். “தூங்க முடியலீங்க.”

அப்பீலுக்கு ஆண்டியின் கைநாட்டு வேண்டும். வக்கீல் வீட்டில் அருணகிரிக்கு வேலை இருந்ததால் ஜெயிலுக்குச் சின்னுசாமிதான் போனான். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். எத்தனையோ மேடைகளில் சிரிப்பு மூட்டியவன். இந்த வசனத்துக்கு எந்த வேஷமும் பொருந்தவில்லை.

ஆண்டி மொட்டையடித்த தலையோடு கம்பிக்கு அருகே வந்தான். கல் உடைத்து உள்ளங்கை வெடித்திருந்தது. முதல் கேள்வியே அதுதான்.

“வழி தொறந்துட்டாங்களா சாமி?”

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் சின்னுசாமிக்குத் தோன்றியது. அந்தக் கண்களுக்கு அதைவிட நல்ல பதில் இந்த உலகத்தில் இல்லை. உள்ளதைச் சொன்னான். தமுக்கு அடித்ததைச் சொன்னான். மலையைக் காலி செய்யச் சொன்னதைச் சொன்னான்.

ஆண்டி கேட்டுக்கொண்டே நின்றான். “நான் ஒத்துக்கிட்டதாலயா?” என்று மட்டும் கேட்டான். சின்னுசாமி ஆமென்று தலையாட்டிவிட்டு, கைநாட்டு வைக்க வேண்டிய அப்பீல் காகிதத்தை எடுத்துக் காட்டினான். ஆண்டி கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான். பிறகு கம்பிக்கு வெளியே பெருவிரலை நீட்டினான். மை தடவியபோது வெடித்த விரலில் ரேகை சரியாக விழாததால் சின்னுசாமிக்கு இரண்டு தடவை எடுக்க வேண்டியதாயிற்று.

குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்கு அப்பீலில் விடுதலை குதிரைக் கொம்பு என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஆனாலும் கிடைத்தது. பாலசுந்தரம் சாட்சி சொன்னார். செல்லமுத்து கூண்டில் ஏறி, தீக்கோட்டுக்கு நெருப்பு வைத்த கை இதுதான் என்று கையைத் தூக்கிக் காட்டினான். அன்று மாலையே அவன் உத்தியோகம் போயிற்று. பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நாமக்கல் பக்கம் போய்ச் சேர்ந்தான். ரேஞ்சருக்கு வேறு ஊருக்கு மாற்றல், அவ்வளவுதான்.

மலை மட்டும் திரும்பவில்லை. ஆண்டி குற்றவாளியா இல்லையா என்பது ஒரு கேஸ், காட்டைக் காலி செய்யச் சொன்னது வேறு உத்தரவு என்றார்கள். அருணகிரி ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு இடத்திலும் உட்காரச் சொல்லி மரியாதையாகக் காபி கொடுத்து அனுப்பினார்கள். ஆண்டி வெளியே வந்தபோது ஆடி பிறந்துவிட்டிருந்தது. மேல்சுனையில் ஒரு கூரையும் மிச்சமில்லை.

சின்னுசாமிதான் அவனைக் கூட்டிக்கொண்டு போனான். மலைச்சனங்கள் சேலத்துக்கு வெளியே வெள்ளைக்கல் வெட்டும் கரட்டுக் குன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். கூலிக்குக் கல் உடைப்பு. கரடு முழுக்க வெள்ளைப் புழுதி. ஆண்டி யாரையும் அடையாளம் தெரியாமல் நின்றான். தலையும் புருவமும் நரைத்த ஒரு கிழவி கையில் சுத்தியோடு எழுந்து ஓடி வந்தாள். கிட்டே வந்த பிறகுதான் அது கிழவி இல்லை, பொன்னாயி என்று தெரிந்தது. நரையெல்லாம் கல்மாவு. அவள் அழுத இடத்தில் மட்டும் கன்னத்தில் இரண்டு கறுப்புக் கோடுகள் இறங்கின. குழந்தை சாக்கு நிழலில் தூங்கிக்கொண்டிருந்தது. உயிரோடு இருந்தது.

ஊரார் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். ராமாயி வந்து ஆண்டியின் கையைத் தொட்டுவிட்டுப் போனாள். யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை போலும். உட்கார்ந்துவிட்டான்.

மேஸ்திரி வந்தார். புது ஆளா, வேலை செய்வானா என்று கேட்டார். பொன்னாயி தலையை ஆட்டினாள். மேஸ்திரி ஒரு சுத்தியைக் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டுவிட்டு, “அந்தக் குவியலை உடை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆண்டி சுத்தியை எடுத்தான். குவியலுக்கு எதிரே போய்க் குந்தினான். ஒரு வெள்ளைக் கல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். சுத்தியை ஓங்கினான். பிறகு என்ன நினைத்தானோ, ஓங்கியதை இறக்கி, சின்னுசாமியைத் திரும்பிப் பார்த்தான்.

“இந்தக் கல்லு யாருது சாமி?”

“கம்பெனியோடது, ஆண்டி.”

“நான் தொடலாங்களா?”

சின்னுசாமி தலையசைத்தான். ஆண்டி ஒரு தரம் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான். பிறகுதான் உடைத்தான்.